"மழையில எறக்காத வண்டி அண்ணாச்சி": தண்ணி ஏறின ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்

பாளையங்கோட்டையில் ஆவணியில் கைமாறிய ஒரு கார் ஐப்பசியில் படுத்துவிட்டது. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 230, 2017 மாடல். நாலு கதவு வண்டி எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும் என்று கேட்பவர்கள், 230 குதிரைத்திறனும் முன்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே போகிற வண்டியில் ஈர ரோட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம்.

புரோக்கர் சொன்னது இவ்வளவுதான்: "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, நாப்பத்தோராயிரம் கிலோமீட்டர், மழையில எறக்கினதே இல்ல அண்ணாச்சி." விலை 14 லட்சத்து 60 ஆயிரம். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. பதிவு எண் டி.என். 69, அதாவது தூத்துக்குடி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணி நெல்லை ஜங்ஷன் வரை ஏறிய அந்த வெள்ளத்தின்போது இந்த வண்டி எங்கே நின்றது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் அடைமழை வாரத்தில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. கண்ணாடி தானாக இறங்கியது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது வண்டி உதறியது. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடி ஃபோமுக்குள் காய்ந்த வண்டல்.

வெள்ள வண்டி உடனே நிற்காது, ஏமாற்றுவதற்கு வசதியே அதுதான். ஒயர் கனெக்டருக்குள் போன சேற்றுத்தண்ணி காய்ந்தாலும் அதிலுள்ள உப்பு செம்பைப் பச்சையாகப் பூக்க வைத்துக்கொண்டே இருக்கும். கோடையில் அது தெரியாது. ஈரக்காற்று வந்ததும் கனெக்டர்கள் ஒவ்வொன்றாகக் கைவிடும். இந்த வண்டியில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் நடு கன்சோலுக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. சீட் உயரத்துக்குத் தண்ணி ஏற வேண்டிய அவசியமே இல்லை. கியர்பாக்ஸிலும் மூச்சுத்துளை வழியாகத் தண்ணி இறங்கும். ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி மாறியிருந்தால் உள்ளே கிளட்ச், கியரை மாற்றும் எலக்ட்ரானிக் யூனிட்டான மெக்கட்ரானிக் இரண்டுமே சந்தேகம்தான். செலவு லட்சத்தைத் தாண்டும்.

பார்க்கப் போகும்போது பானட்டைத் திறப்பதற்கு முன்னால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கார்ப்பெட்டைக் கழுவுகிறவன் பெல்ட்டின் கடைசி ஒரு முழத்தைக் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கே இருக்கும். அடுத்து ஸ்டெப்னி குழி, சீட் தண்டவாளத்தின் போல்ட். போல்ட் தலையில் புதிதாக ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் சீட்டை எதற்குக் கழற்றினார்கள் என்று கேளுங்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனர் சொருகும் சாக்கெட்டின் பின்களில் பச்சை இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். உள்ளே சென்ட் வாசம் தூக்கலாக இருந்தால் ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றிப் பத்து நிமிடம் வெயிலில் நிறுத்துங்கள். அடிவாசம் மேலே வரும்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கால்வைக்கும் இடம் ஈரமாக இருப்பதாலேயே அது வெள்ள வண்டி ஆகாது. கண்ணாடிக்கு முன்னால் உள்ள தண்ணி வடிகால் வேப்பிலைச் சருகால் அடைத்தாலோ, ஏசி ஃபில்டர் மூடி சரியாக உட்காராவிட்டாலோ இடது பக்கத் தரை நனையும். அது தெளிந்த மழைத்தண்ணி. சேறு இராது, மறுபக்கமும் டிக்கியும் காய்ந்திருக்கும். வண்டி வாங்கிய முதல் வாரத்தில் அந்த வடிகாலைச் சுத்தம் செய்துவிடுங்கள், காசு செலவில்லாத வேலை.

அடுத்தது ஸ்கேனர். சாதாரண ப்ளூடூத் ரீடரே, வண்டியில் பதிவான கோளாறுகளை அழித்தபின் ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு என்று காட்டும். அது 30, 40 என்று இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்தான் அழித்திருக்கிறார்கள். ஏர்பேக், கியர்பாக்ஸ் யூனிட்களைப் படிக்க ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளுக்கான ஸ்கேனர் வேண்டும். அதில் ஒவ்வொரு கோளாறும் எத்தனை கிலோமீட்டரில் பதிவானது என்றும் வரும். மீட்டர் 41,000 என்று காட்ட, கோளாறு 78,000-இல் பதிவாகியிருந்தால் பேச்சே வேண்டாம், வீட்டுக்குக் கிளம்புங்கள். சாவி திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதுவும் திருட்டுத்தனம்தான்.

காகிதத்தில் இன்ஷூரன்ஸ் பாலிசியை முதலில் வாங்கிப் பாருங்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாத வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் வரும். "ஒரு கீறல்கூட விழாத" 2017 வண்டிக்கு 2024 பாலிசியில் பூஜ்யமும் அடுத்த வருடம் 20-ம் இருந்தால், நடுவில் கிளெய்ம் போயிருக்கிறது. போனஸைக் காப்பாற்றும் தனி கவர் எடுத்திருந்தால் இது தெரியாது. அப்போது பாலிசி எண்ணை வைத்து கம்பெனியிடம் கிளெய்ம் விவரம் கேட்கச் சொல்லுங்கள். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று தீர்த்துவிடுவார்கள். அப்படிக் கழிந்த வண்டிகள்தான் ஏலத்தில் போய், பாலிஷ் போட்டுத் திரும்பி வருகின்றன. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலையாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றிவிடுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நல்ல வண்டியே கிடைத்தாலும் அடைமழைக்கு முன் சில வேலை உண்டு. டயர் 225/45 ஆர் 17. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பர் கெட்டித்துவிட்டது, ஈரத்தில் பிடிக்காது. சட்டப்படி 1.6 மி.மீ. போதும், ஆனால் கன்னியாகுமரி நாற்கர ரோட்டில் தேங்கிய தண்ணியில் 80-க்கு மேல் போகிறவருக்கு 3 மி.மீ.யாவது வேண்டும். வண்டி தண்ணியில் மிதந்து ஸ்டியரிங் லேசானால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பழைய வண்டி வாங்கினால் உடனே.

கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. சுமார் ஐந்து லிட்டர் பிடிக்கும், ஆயில் 35 முதல் 45 டிகிரிச் சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் கண்ணளவில் ஊற்றும் பட்டறையை விட்டு விலகுங்கள். இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் வருவதால் கசிவு சகஜம். இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, கூலன்ட் கசிந்து காய்ந்த ரோஸ் நிறப் பொருக்கு இருக்கிறதா பாருங்கள்.

ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணி நின்றால் சுற்றிப் போங்கள். இறங்கி நடுவில் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் போடவே கூடாது. தண்ணியை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றித் தண்ணியை வெளியேற்றியபிறகுதான் சுற்ற வேண்டும். மார்கழிப் பனியில் ஏசி போட்டுக்கொண்டால் கண்ணாடியில் புகை மூட்டம் படியாது. மாஞ்சோலைப் பக்கம் இந்தத் தாழ்ந்த வண்டியைக் கொண்டு போகிற எண்ணமிருந்தால் ஜீப்புக்குச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் தரலாம். உதவி எண் 1915, இணையத்தில் புகார் தர இ-ஜாக்ரிதி. புரோக்கரின் வாட்ஸ்அப் குரல்பதிவு, பணம் போன ரசீது, ஸ்கேன் ரிப்போர்ட், மெக்கானிக் எழுதிக் கையெழுத்திட்ட தாள் எல்லாம் வேண்டும். முக்கியமாக, சேறு இருக்கும் கார்ப்பெட்டைத் தொடாமல் தேதியோடு படமெடுங்கள். பாளையங்கோட்டைக்காரர் நாற்றம் தாங்காமல் மறுநாளே வாட்டர் வாஷுக்கு அனுப்பிவிட்டார். இப்போது புரோக்கர், "எங்க அண்ணாச்சி சேறு?" என்று கேட்கிறான்.