மஞ்சள், கிரீன் டீ, முட்டைக்கோஸ்: எச்பிவி செல்களுக்கு எதிரே எது எவ்வளவு தூரம் போகிறது?

புதுச்சேரியிலோ சிதம்பரத்திலோ ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவருக்கும், கோரிமேட்டு ஜிப்மரில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக்கொள்ளும் அம்மாவுக்குக் கூடவே என்ன கொடுக்கலாம் என்று விசாரிக்கும் மகளுக்கும் முதலில் காதில் விழுவது இதே மூன்று பெயர்கள்தான். மூன்றைப் பற்றியும் "புற்றுநோய் செல்லைக் கொல்கிறது" என்று ஆய்வுத்தாள்கள் உண்டு. ஆய்வகத் தட்டில் செல்லைக் கொல்ல அடர்ந்த உப்புக்கரைசலே போதும். எனவே மூன்று கேள்விகளை வைத்துத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும்: இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) வைரஸின் மரபணுவைத் தொடுகிறதா, அந்தச் செறிவு உடம்பில் கிடைக்குமா, பெண்களிடம் சோதித்தபோது என்ன ஆயிற்று?

முதல் கேள்விக்குப் பின்னணி இது. எச்பிவி 16, 18 வகைகள் செல்லுக்குள் நிலைத்துவிட்டால் இ6, இ7 என்ற இரண்டு புரதங்களை இடைவிடாமல் தயாரிக்கின்றன. பழுதான செல்லை நிறுத்தும் பி53 புரதத்தை இ6 சிதைக்கவைக்கிறது. செல் பிரிவதைப் பிடித்துவைக்கும் ஆர்பி புரதத்தை இ7 முடக்குகிறது. இ6, இ7 இரண்டும் அடங்கினால் புற்று செல் தானாகவே தளரும். ஆகவே ஒரு தாவரப் பொருள் "வேலை செய்கிறது" என்றால் இ6, இ7 குறைந்ததற்கான சான்று வேண்டும்.

இந்த அளவுகோலில் மஞ்சளின் குர்குமினுக்குத்தான் ஆய்வகச் சான்று தெளிவாக இருக்கிறது. வைரஸ் மரபணுவை இயக்கும் ஏபி-1 என்ற காரணியை அது தடுப்பதையும், ஹீலா என்ற ஆய்வகக் கர்ப்பப்பை வாய்ப் புற்று செல்களில் வைரஸ் மரபணுவின் இயக்கம் இறங்குவதையும் 2005-இல் இந்திய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிக்கல் இரண்டாம் கேள்வியில்தான். தட்டில் பொதுவாக 10 முதல் 50 மைக்ரோமோலார் (செறிவின் அலகு) வரை ஊற்றுகிறார்கள். தைவானில் 2001-இல் வெளிவந்த ஆய்வில் ஒரு நாளைக்கு 8 கிராம் தூய குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் உச்சமே சராசரியாக 1.8 மைக்ரோமோலாருக்குள் நின்றது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். அந்த 8 கிராமுக்குத் தினமும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தின்ன வேண்டும். குழம்பில் போடும் அரை ஸ்பூன் எந்தக் கணக்கிலும் வராது.

வாய்வழி எட்டாததால் நேரே கர்ப்பப்பை வாயில் வைத்துப் பார்த்தார்கள். கொல்கத்தாவில் நடந்து 2013-இல் வெளியான சோதனையில் எச்பிவி இருந்த, ஆனால் கர்ப்பப்பை வாய் செல்களில் புற்றுக்கு முந்தைய தீவிர மாற்றம் இல்லாத 287 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்குக் குர்குமின், பூந்திக்கொட்டை, நெல்லி, கற்றாழை சேர்ந்த களிம்பு. இன்னொரு பிரிவுக்குக் குர்குமின் மட்டும் உள்ள காப்ஸ்யூல். மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி. வைரஸ் நீங்கியது களிம்பில் 87.7 சதவீதம், காப்ஸ்யூலில் 81.3, போலியில் 73.3. களிம்பின் வித்தியாசம் மட்டும் தற்செயல் என்று தள்ள முடியாதபடி புள்ளியியலில் நின்றது.

கவனிக்க வேண்டியது அந்த 73.3. மருந்தில்லாத போலி பெற்றவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் கிட்டத்தட்ட வைரஸ் தானே போயிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியின் வேலை அது. "இந்தச் சூரணத்தில் எச்பிவி போய்விட்டது" என்று யார் சொன்னாலும், போலி மருந்துப் பிரிவு இருந்ததா என்று கேளுங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம்: மேற்படி சோதனையைப் படித்துவிட்டு வீட்டு மஞ்சளை உள்ளே வைக்கக் கூடாது. கடை மஞ்சள்தூள் கிருமிநீக்கம் செய்யப்பட்டதல்ல. நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்ததும் சந்தையில் பிடிபட்டிருக்கிறது.

கிரீன் டீயின் முக்கியச் சத்தான இஜிசிஜி தட்டில் எளிதாக ஜெயிக்கிறது. ஆனால் அந்த வெற்றியில் ஒரு பங்கு பொய். செல் வளர்க்கும் ஊடகத்தில் இஜிசிஜி தானே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. செல்லைக் கொல்வது பல நேரம் அந்தப் பெராக்சைடுதான். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்சைம் சேர்த்த கிணறு (தட்டின் குழி) ஒன்றைக் கூடவே வைத்தால் உண்மை தெரிந்துவிடும். பெண்களிடம்? நீடித்த எச்பிவியும் ஆரம்பநிலை மாற்றமும் உள்ள 98 பேருக்கு நான்கு மாதம் தேயிலைச் சாறு மாத்திரையோ போலியோ கொடுத்த அமெரிக்கச் சோதனை 2014-இல் வெளிவந்தது. குணமானது 17.1 சதவீதம், போலியில் 14.6. வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும். அதே தேயிலைப் பொருளின் 15 சதவீதக் களிம்புக்குப் பிறப்புறுப்பின் வெளிப்புற மருக்களுக்காக 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த மருக்கள் பெரும்பாலும் எச்பிவி 6, 11 வகைகளால் வருபவை. புற்றுநோய்க்குக் காரணமான வகைகள் வேறு. இடமும் வேறு.

முட்டைக்கோஸ், காலிஃபிளவரில் உள்ள இண்டோல்-3-கார்பினால் என்ற பொருளின் கதை ஏற்றமாகத் தொடங்கி இறங்கியது. 2000-இல் வெளியான சிறு சோதனையில் தீவிர மாற்றம் இருந்தவர்களுக்கு 12 வாரம் கொடுத்தார்கள். போலி பெற்ற 10 பேரில் ஒருவருக்கும் சரியாகவில்லை; 200 மில்லிகிராம் பெற்ற 8 பேரில் 4 பேருக்கும், 400 பெற்ற 9 பேரில் 4 பேருக்கும் சரியானது. ஆனால் வயிற்று அமிலத்தில் இப்பொருள் மாறி உருவாகும் டிம் என்பதைத் தினம் 150 மில்லிகிராம் வீதம் ஆறு மாதம் பிரிட்டனில் நிறையப் பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஆரம்பநிலை மாற்றத்தில் பலன் தெரியவில்லை. முட்டைக்கோஸ் பொரியல் நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.

தாவரத்திலிருந்து வந்து உண்மையிலேயே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வார்டுக்குள் நுழைந்தவை வேறு இரண்டு. யூ மரப்பட்டையில் கண்டெடுத்த பாக்லிடாக்சல் ஒன்று. முற்றிய நோயில் வழக்கமான மருந்தான சிஸ்பிளாட்டினுடன் அதைச் சேர்த்தபோது கட்டி சுருங்கியவர்கள் 19 சதவீதத்திலிருந்து 36 ஆனார்கள். சீன மரத்தின் கேம்ப்டோதெசினிலிருந்து செய்த டோபோடெக்கான் மற்றொன்று. அதைச் சிஸ்பிளாட்டினுடன் சேர்த்தபோது இடைநிலை (மீடியன்) வாழ்நாள் 6.5 மாதத்திலிருந்து 9.4 ஆனது. இரண்டும் கசாயமாகக் கொடுத்தவை அல்ல. பிரித்து, மாற்றி, அளந்து நரம்பில் ஏற்றுபவை. நம் மணற்பாங்கான கரையோரத்தில் தானே முளைக்கும் நித்தியகல்யாணியில் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இருப்பது உண்மை. இலையைக் காய்ச்சிக் குடிப்பது அந்த மருந்தாகாது, நஞ்சாகலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு எங்கள் தேர்வு குர்குமின்தான். ஒப்பிட்டுப் பார்க்க நிறைய எண்கள் கிடைக்கின்றன. மூலக்கூறு எடை 368.4. எனவே 3.68 மில்லிகிராமை 1 மில்லி டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார். அதில் 1 மைக்ரோலிட்டரை 1 மில்லி ஊடகத்தில் விட்டால் 10 மைக்ரோமோலார்; டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். குறைந்த செறிவுகளுக்கு டிஎம்எஸ்ஓவிலேயே நீர்க்கச் செய்யுங்கள். அப்போதுதான் எல்லாக் கிணற்றிலும் அந்த 0.1 மாறாது. சீரம் இல்லாத ஊடகத்தில் குர்குமினின் பெரும்பகுதி அரை மணியில் சிதைந்துவிடும். வெளிச்சமும் ஆகாது, குழாயை அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

ஹீலாவை மட்டும் வைத்து முடிக்காதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்று செல் வகைகளில் ஹீலாவில் எச்பிவி 18, சிஹாவில் 16, சி33ஏ-யில் எச்பிவியே இல்லை. சி33ஏ-யும் அதே வேகத்தில் செத்தால், உங்கள் பொருளுக்கு வைரஸோடு சம்பந்தமில்லை என்று பொருள். புற்றில்லாத ஹேகேட் தோல் செல்களும் கூட வேண்டும். உயிருள்ள செல்லைச் சாயத்தின் நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனையில் அதிகம் ஏமாற்றுவது, எதிர் ஆக்சிஜனேற்றப் பொருட்கள் செல் இல்லாமலே சாயத்தை ஊதாவாக்குவது. செத்த செல் உயிரோடிருப்பதுபோல் எண் வரும். செல் இல்லாத கிணற்றில் பொருளையும் சாயத்தையும் மட்டும் போட்டு அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். பி53 ஏறியதை மட்டும் காட்டினாலும் போதாது; எந்தக் காயத்திலும் அது ஏறும். அதற்கு முன்பே இ6 இறங்கியதை, மரபணு இயக்கத்தை அளக்கும் கியூபிசிஆரில் காட்டுங்கள். முழு இலைச் சாறு மில்லிக்கு 200 மைக்ரோகிராம் அளவில்தான் வேலை செய்கிறது என்றால் அதை விட்டுவிடலாம்.

சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சமையல் மஞ்சளில் தடையில்லை. காப்ஸ்யூல்தான் கவலை. உறிஞ்சுதலைக் கூட்ட அதில் சேர்க்கும் மிளகுச் சத்தான பைப்பரின், கல்லீரலில் மருந்தை உடைக்கும் சிஒய்பி3ஏ4 என்சைமைத் தடுக்கும். பாக்லிடாக்சல் உடைவது ஓரளவு அதன் வழியாகத்தான். கிரீன் டீ சாறு மாத்திரை அதிக அளவில் கல்லீரலையே புண்ணாக்கும். ஓபிக்குப் போகும்போது எல்லா டப்பாக்களையும் பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் முன் வையுங்கள். நோய் இல்லாத, 30 வயது கடந்த பெண்கள் கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டியது விஐஏ சோதனை: 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மையாக மாறும் இடம் உண்டா என்று பார்ப்பார்கள்.