பட்டறைக்குப் போட்ட 10 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்ட் கேபிள்: ஒரு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து கொல்லைக் கோடியில் இருக்கிற என் மரப் பட்டறைக்கு 45 மீட்டர். முதலில் வந்த எலக்ட்ரீஷியன், "2 ஹெச்பி மோட்டார்தானேண்ணே, 2.5 ஸ்கொயர் தாராளம்" என்று காப்பர் வயரை இழுத்துவிட்டுப் போனார் (ஸ்கொயர் என்பது கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்). அவர் சொன்னது பொய்யில்லை, ஓடும்போது 10 ஆம்பியர்தான், வயர் தொட்டால் சூடுகூட இல்லை. ஆனால் அறுவை மெஷினைப் போட்டதும் மோட்டார் ம்ம்ம் என்று முனகும், ட்யூப்லைட் மங்கும், ஆறு மாதத்தில் இரண்டு கெப்பாசிட்டர் உப்பிப் போயின. மல்டிமீட்டரில் பார்த்தால் மீட்டர் பெட்டியில் 226 வோல்ட், பட்டறையில் மோட்டார் கிளம்புகிற நொடியில் 190-க்கும் கீழே!

கரன்ட் போய்த் திரும்ப வேண்டுமே, ஆக 90 மீட்டர் கம்பி. 2.5-இல் அதற்கு 0.7 ஓம் மின்தடை வருகிறது. கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு இழுக்கும், 60 ஆம்பியர் என்று வைத்தாலும் நாற்பது வோல்ட் வழியிலேயே காலி.

6 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்ட் (மேலே இரும்புக் கவசம் போட்ட கேபிள்) வாங்கத்தான் போனேன், விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. கவுன்டரில் இருந்த பெரியவர், "10 அலுமினியம் எடுங்க தம்பி, கணக்கு ஒண்ணுதான்" என்றார். வீட்டுக்கு வந்து கேபிள்களின் மின்தடைப் பட்டியலைப் பார்த்தேன், நிஜமாகவே இரண்டுக்கும் கிலோமீட்டருக்கு 3.08 ஓம். இரண்டரை அடிக் குழி, அடியில் மணல், மேலே செங்கல் என்று புதைத்தோம். இப்போது மோட்டார் கிளம்பும்போதும் 205-க்குக் கீழே இறங்குவதில்லை, முனகலும் இல்லை. (வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டலாமா என்பது தனிக் கதை, அதை இங்கே கிளற வேண்டாம்.)

குறை இல்லாமல் இல்லை. முரட்டுக் கேபிள், வளைப்பதற்குள் கை கன்றிப்போகும். அதைவிட, அலுமினிய முனையை லக் (கம்பி முனையில் நசுக்கிப் பொருத்துகிற உலோக முனை) இல்லாமல் அப்படியே எம்சிபியில் (தானாக ட்ரிப் ஆகிற பிரேக்கர் சுவிட்ச்) சொருகிவிட்டார்கள், மூன்றாம் மாதம் கருகல் வாசனை. திறந்தால் ஸ்க்ரூ தளர்ந்து, பக்கத்து பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தது. அப்புறம் அலுமினியத்துக்கான பின் லக் போட்டு, ஆக்சைடு தடுக்கிற பேஸ்ட் தடவி முறுக்கிய பிறகுதான் நிம்மதி. மேலே இருக்கிற இரும்புக் கவசத்தையும் கிளாண்ட் (கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கிற உலோகப் பிடி) வைத்து எர்த்தில் சேர்க்கச் சொல்லுங்கள், பல பேர் அதைச் சும்மா வெட்டி விட்டுவிடுகிறார்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன். வெல்டிங் மெஷினும் வாங்குகிற எண்ணம் இருந்தால் 16 ஸ்கொயராகவே கேளுங்கள். நான் கேட்கவில்லை, அடுத்த மாதம் மறுபடி குழி தோண்ட ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.