ஒரே ஒரு பழங்காசுக்குப் பெரிய தொகை போடுவதென்றால்: ஏதென்ஸ் ஆந்தையா, சோழர் பொன்னா, கிளந்தான் கிஜாங்கா?

காசு சேர்க்கிறவர்களுக்கு ஒரு கட்டம் வரும். மலாயா சென்ட், வாழைமரம் போட்ட ஜப்பானியர் கால நோட்டு, நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி டாலர் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பிறகு, 'இந்த வருஷ போனஸ் வரட்டும், உண்மையிலேயே பழையதாக ஒன்றே ஒன்று வாங்கிவிடுவோம்' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒதுக்கிய தொகை ஐயாயிரம் ரிங்கிட்டை ஒட்டி. கோலாலம்பூரில் இருந்துகொண்டு அந்தப் பணத்துக்கு நான் யோசித்தவை மூன்று: ஏதென்ஸ் நகரத்தின் ஆந்தைக் காசு, சோழர் காலத்துச் சிறு பொற்காசு, நம் மண்ணின் மலாய் சுல்தான்கள் வெளியிட்ட தங்கக் காசு (கிளந்தானின் மான் உருவக் கிஜாங் போன்றது). வாங்கியது ஆந்தையை. ஆகவே இது நடுநிலையான தீர்ப்பு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

அழகு, வயது, பெருமை ஆகியவற்றைச் சீக்கிரம் கடந்துவிடலாம். ஆந்தை ஏறக்குறைய 2,400 ஆண்டுப் பழசு, 17.2 கிராம் வெள்ளி, கையில் வைத்தால் கனம் தெரியும். மற்ற இரண்டும் தங்கம். ஆனால் இந்த விலைக்குள் கிடைப்பவை மிகச் சிறியவை. கூப்பாங் என்ற மலாய்ச் சிறு பொற்காசு ஒன்று சுமார் 0.6 கிராம்தான், 'பணம்' என்ற சோழர் காலப் பொற்காசு அதற்கும் கீழே. பூதக்கண்ணாடி இல்லாமல் விருந்தாளிக்குக் காட்ட முடியாது. வீட்டுக்கு வருகிறவர் வாயைப் பிளக்க வேண்டுமென்றால் ஆந்தைதான். தமிழனாகப் பெருமைப்பட வேண்டுமென்றால் சோழர். இதை அறிய அலசல் தேவையில்லை.

இப்போது ஆந்தை. ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தேவி, மறுபக்கம் அவளுடைய ஆந்தை, பக்கத்தில் ஒலிவக் கிளை, பிறைநிலா, நகரத்தின் பெயரைச் சுட்டும் மூன்று கிரேக்க எழுத்துகள். ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியோன் சுரங்கத்து வெள்ளிதான் இதற்கு அடிப்படை. அந்தச் சுரங்கத்தில் பெரிய வெள்ளிப்படிவம் கிடைத்தபோது, அதை மக்களுக்குப் பங்கு போடாமல் போர்க்கப்பல் கட்டலாம் என்று ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் வாதாடி வென்றார். அந்தக் கப்பல்கள்தான் கி.மு. 480-இல் சலாமிஸில் பாரசீகக் கடற்படையை முறியடித்தன. பின்னர் ஏதென்ஸ் தலைமையிலான கூட்டணி நாடுகளின் கருவூலம் கி.மு. 454-இல் ஏதென்ஸுக்கு மாறியது. அதிலிருந்து கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவுடனான போரில் தோற்கும் வரை அச்சடித்துத் தள்ளினார்கள். இன்று சந்தையில் கிடைக்கும் ஆந்தைகளில் பெரும்பாலானவை அந்த அரை நூற்றாண்டுக்குள் பிறந்தவை. இன்றைய கிரீஸின் 1 யூரோ காசிலும் இதே ஆந்தைதான் உட்கார்ந்திருக்கிறது.

'அவ்வளவு அச்சடித்தார்கள் என்றால் அபூர்வம் இல்லையே?' என்று கேட்பீர்கள். இல்லைதான். கடந்த சில ஆண்டுகளில் புதையல் புதையலாகச் சந்தைக்கு வந்து விலை இறங்கவும் செய்தது. அபூர்வத்தை விரும்பும் தேர்ந்த சேகரிப்பாளர்கள் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். என் கணக்கில் அந்த எண்ணிக்கைதான் இதன் பலம். காரணம் மறுவிற்பனை.

நகைக்கடைக்குப் போன எவருக்கும் செய்கூலி, சேதாரம் தெரியும். சங்கிலி வாங்கும்போது அவற்றைக் கொடுக்கிறோம், திருப்பி விற்கும்போது அவை வராது. பழங்காசிலும் அப்படி ஒன்று உண்டு, அளவு மட்டும் பெரிது. வெளிநாட்டு ஏலத்தில் ஒரு காசு 1,000 டாலருக்குச் சுத்தியல் விழுகிறது என்று வையுங்கள். அதன் மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் சுமார் 20 விழுக்காடு கட்டணம் சேர்க்கும். நீங்கள் கட்டுவது 1,200. சில ஆண்டு கழித்து அதே காசை அதே 1,000-க்கு ஏலத்தில் விற்றால், விற்பவர் கமிஷன் 10 விழுக்காடு என்று கொண்டாலும் கைக்கு வருவது 900. விலை ஒரு காசும் இறங்காமலே 300 டாலர் போய்விட்டது, போட்டதில் நான்கில் ஒரு பங்கு. தபால், காப்பீடு, பணமாற்று இழப்பு எல்லாம் தனி. தங்க நகையைப் போல நினைத்துக்கொண்டு பழங்காசில் இறங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இந்த இழப்பு எல்லாக் காசுக்கும் உண்டு, ஆந்தைக்கும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், ஆந்தையில் இழப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே ஓரளவு தெரியும். ஏசிசர்ச், காயின்ஆர்கைவ்ஸ் போன்ற இணையப் பதிவுகளில் பழைய ஏல முடிவுகள் குவிந்து கிடக்கின்றன. உங்கள் காசைப் போலவே தேய்மானம் உள்ள ஆந்தை போன மாதம் என்ன விலைக்குப் போனது, மூன்று ஆண்டு முன்னால் என்ன விலைக்குப் போனது என்று உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். லண்டனில் இருப்பவரும் சூரிச்சில் இருப்பவரும் நியூயார்க்கில் இருப்பவரும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்வார்கள். யாருக்கும் நாம் கதை சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பெரிய தொகை போடுகிற ஒரே காசு என்றால் எனக்கு இதுதான் முக்கியம்: நான் வாய் திறக்காமலே முன்பின் தெரியாத ஒருவர் மதிப்புச் சொல்ல வேண்டும். நாளை எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் அதை அடகுக்கடைக்குத் தூக்கிப்போய் எடைக்குப் போட்டுவிடக் கூடாது பாருங்கள். எடைக்குப் போட்டால் அந்த வெள்ளி, வாங்கிய விலையில் ஒரு சிறு பங்குகூடத் தேறாது.

இதில் நான் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது: ஆந்தையை நான் இன்னும் விற்றதில்லை. விற்ற அனுபவமெல்லாம் சின்னக் காசுகளில்தான். மேலே சொன்னது ஏல முடிவுகளைத் தொடர்ந்து பார்த்து வந்ததில் தோன்றியது. இன்னொரு பெரும் புதையல் வெளியே வந்தால் என் கணக்கு கவிழவும் கூடும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? இந்தக் காசில் வெள்ளி வில்லை அச்சைவிடச் சிறியது. அதனால் முழுப் படமும் விழுவது அரிது. அதீனாவின் தலைக்கவசக் கொண்டை முழுவதும் தெரிந்தால் விலை ஏறும். மூக்கு அறுபட்டிருந்தால் இறங்கும். அக்காலத்து வணிகர்கள் உள்ளே செம்பு இருக்கிறதா என்று உளியால் வெட்டிப் பார்த்த 'டெஸ்ட் கட்' பல ஆந்தைகளில் இருக்கும். வரலாற்றுச் சுவைக்கு அது நல்லது, விலைக்குக் கெட்டது. அந்த வணிகர்கள் சந்தேகப்பட்டதிலும் நியாயம் உண்டு. போரின் கடைசி ஆண்டுகளில் வெள்ளி தீர்ந்துபோய், செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிய காசை ஏதென்ஸ் அரசே வெளியிட்டது. நம் காலத்துப் போலிகள் வேறு ரகம். எடை 17 கிராமுக்கு நன்றாகக் கீழே இருந்தாலோ, விளிம்பில் வார்ப்புக் கோடு தெரிந்தாலோ, விலை ஆச்சரியமாக மலிவாக இருந்தாலோ விலகிவிடுங்கள். தெரியாத கையிலிருந்து வெறும் ஆந்தையை வாங்க எனக்குத் துணிவில்லை.

ஆகவே காசுகளைச் சோதித்துத் தரம் பிரிக்கும் நிறுவனமான என்ஜிசி முத்திரையிட்ட பெட்டியில் இருப்பதைத்தான் எடுத்தேன். அவர்கள் தேய்மானத்துக்கு ஒரு தரமும், அச்சுக்கும் மேற்பரப்புக்கும் ஐந்துக்கு எத்தனை என்ற மதிப்பெண்ணும் தருகிறார்கள். நடுத்தரமான ஆந்தை மூவாயிரம் ரிங்கிட் பக்கத்தில் தொடங்கி, நன்றாக இருப்பது ஐந்து ஆறாயிரம் வரை போகும். என் யோசனை, தரத்தில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, முகம் நடுவில் விழுந்த காசாக எடுங்கள். பெட்டி இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. பழங்காலக் காசுகளுக்கு அந்த நிறுவனத்தின் உத்தரவாதம் எதுவரை செல்லும், எதை விட்டுவிடுகிறது என்று படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சரி, சோழர். மனசு முதலில் போனது அங்கேதான். 1025-இல் ராஜேந்திரன் படை கடாரத்துக்கு வந்தது. கடாரம்தான் இன்றைய கெடா. பழங்காலக் கோயில் இடிபாடுகள் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அங்கேதான் இருக்கிறது, பினாங்குக்காரர்கள் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். இந்த நாட்டில் வாழும் தமிழனுக்கு அதைவிடப் பொருத்தமான காசு வேறு என்ன? ஆனால் பொற்காசு என்று வரும்போது சிக்கல் சட்டத்தில் தொடங்குகிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே எடுத்துவர முடியாது. கோயில் சுற்றுலா போன இடத்தில் 'சார், ஒரிஜினல் சோழர் தங்கம்' என்று யாராவது நீட்டினால், போலியாக இருந்தால் பணம் போச்சு, உண்மையாக இருந்தால் விமான நிலையத்தில் வம்பு. இரண்டு வகையிலும் நமக்கு ஆகாது.

வெளிநாட்டில் விற்கப்படும் சோழர் பொற்காசை வாங்கலாமே என்றால், அது எப்போது, எப்படி இந்தியாவை விட்டு வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். அந்தச் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வெளியே இருந்த தொகுப்பிலிருந்து வந்தது என்று காட்டும் பழைய ஏலப் பட்டியலோ ரசீதோ உள்ள காசு என் கண்ணில் அதிகம் படவில்லை. காகிதம் இல்லாததை இன்று நான் கண்டும் காணாமல் வாங்கிவிட்டால், நாளை வாங்குபவரும் கண்டும் காணாமல் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டும். வரவர ஏல நிறுவனங்கள் கேள்வி கேட்கின்றன. இது ஆந்தைக்கும் பொருந்தும், மறுக்கவில்லை. துருக்கி, கிரீஸ் சட்டங்களும் கடுமையானவைதான். ஆனால் பல பத்தாண்டு ஏல வரலாறு உள்ள ஆந்தையைத் தேடினால் கிடைக்கும், சோழர் பொன்னில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. அப்புறம் இன்னொன்று: நம் பாட்டிமார் காசுகளை மாலையாகக் கோத்துப் போட்டவர்கள். பழைய தென்னிந்தியப் பொற்காசுகளில் துளையோ, வளையம் பற்றவைத்த தழும்போ இருப்பது சகஜம். அது விலையைப் பாதியாக்கிவிடும்.

ராஜராஜனைக் கையில் வைத்துப் பார்க்கும் ஆசை மட்டும் என்றால் ஐயாயிரம் தேவையே இல்லை. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் அவன் பெயர். இந்தச் செம்புக் காசு ஏராளமாகக் கிடைத்திருக்கிறது. இலங்கையில் பராக்கிரமபாகுவும் அரசி லீலாவதியும் பின்னாளில் இதே அமைப்பைப் பின்பற்றிக் காசு அடித்தார்கள். சில பத்து ரிங்கிட்டில் முடியும் விஷயம். அதிலும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, உள்ளூர்த் தங்கம். ஜொகூரின் எண்கோணக் காசுகள், கிளந்தானின் கிஜாங் காசு. கிஜாங்கைப் பார்க்காத மலேசியர் கிடையாது, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சின்னமே அந்தக் காசிலிருந்து வந்ததுதான். 2001-இல் அவர்கள் வெளியிட்ட தங்க முதலீட்டுக் காசுக்கும் கிஜாங் எமாஸ் என்றே பெயர். பணம் போடும் முன் சாசனா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தில் காசுகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், படத்தில் தெரியாதது நேரில் தெரியும். இந்த வகையில் எனக்குப் பழக்கம் குறைவு, ஆகவே அளந்துதான் சொல்கிறேன். நான் பார்த்த வரையில் வாங்குபவர்கள் கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் வட்டாரத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். நேரில் பழகலாம், கடன்கூடச் சொல்லலாம். ஆனால் நாம் விற்க நினைக்கும் நேரத்தில் அந்த வட்டத்தில் நாலு பேருக்குக் கை வறண்டிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். நம் 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுரிமைச் சட்டமும் மரபுப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் கேட்கிறது. மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியைப் படிக்கத் தெரிந்து, பத்துப் பதினைந்து ஆண்டு விற்காமல் வைத்திருக்கும் பொறுமையும் இருந்தால் என்னைவிட இதில் நீங்கள் நன்றாகச் செய்யலாம்.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளி நம் ஊர் ஈரத்தில் கறுக்கும், தேய்த்து மினுக்காதீர்கள், அந்தக் கருமையையும் சேர்த்துத்தான் விலை. மலிவான பிவிசி உறை பச்சையாகக் கசியும், அதைத் தவிருங்கள். சிலிகா ஜெல் போட்ட டப்பா போதும். செம்புக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும், பச்சைப் பொடி உதிரத் தொடங்கினால் மற்ற காசுகளிடமிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

ஐயாயிரம் இல்லை, இரண்டாயிரம்தான் என்பவர்களுக்கு என் கை ரோமாபுரியின் வெள்ளி தெனாரியஸ் பக்கம் நீளும். பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துக் காசுகள் மிளகுக்கு விலையாகத் தமிழகம் வந்து, கொங்குப் பகுதியில் குவியல் குவியலாகக் கிடைத்தவை. 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த ரோமப் பொற்காசுகளில் பலவற்றில் பேரரசர் தலை உளியால் வெட்டப்பட்டிருந்தது, அவற்றில் சில இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆனால் நீங்கள் வாங்குவது தமிழகத்துப் புதையலாக இருக்கத் தேவையில்லை, அப்படிச் சொல்லி விற்பதை வாங்கவும் வேண்டாம், மேலே சொன்ன சட்டம் அதற்கும் உண்டு. அதே அச்சு, அதே ஆண்டு, ஐரோப்பாவில் கிடைத்துப் பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு பதிவானது போதும். திபேரியஸ் காசு சுமாரான நிலையில் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டுக்குள் அமையும். அதை விற்பதும் ஆந்தையை விற்பது போலத்தான், உலகம் முழுக்க ஆள் உண்டு.