ஒரே மரம், இரண்டு குரல்: மார்ட்டின் டி-28, 1973-உம் 2018-உம்

பழைய கிட்டார் ஒன்று நன்றாக ஒலித்தால், பெருமை முழுவதையும் மரத்துக்கே கொடுத்துவிடுவது கிட்டார் பிரியர்களின் வழக்கம். அது எவ்வளவு சரி என்று பார்க்க மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 நல்ல கருவி. அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் 1931 முதல் செய்யப்பட்டுவரும் இந்த மாடலில், 1970களின் கருவிக்கும் அண்மைக்காலக் கருவிக்கும் மரம் ஒன்றேதான்: மேற்பலகை சிட்கா ஸ்புரூஸ், பின்பலகையும் பக்கங்களும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லப்படும் இந்திய ரோஸ்வுட். 1973-இல் செய்த ஒன்றையும் 2018-இல் செய்த ஒன்றையும், இரண்டிலும் ஒரே வகைப் புதுக் கம்பிகளைக் கட்டி, ஒரு பிற்பகல் முழுவதும் மாறி மாறி வாசித்தேன்.

பழையதன் ஒலி வறண்டது, நேரானது. தாழ்சுரக் கம்பிகள் இறுக்கமாகப் பேசுகின்றன. பிக் எனும் மீட்டுவில்லை கொண்டு எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. ஆனால் விரலால் மென்மையாக மீட்டினால் அது பாதித் தூக்கத்தில் பதில் சொல்வது போலிருக்கிறது. புதியது இதற்கு நேர்மாறு: தொட்டவுடன் திறந்துகொள்கிறது, தாழ்சுரம் அறையை நிறைக்கிறது, எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வீசும் வேகமான ஸ்டிரம்மிங்கில் மட்டும் சற்றே கலங்குகிறது.

மரம் ஒன்றாயிருக்க இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? மேற்பலகையின் அடியில் அதைத் தாங்க ஒட்டப்பட்டிருக்கும் பிரேசிங் எனும் மரச் சட்டங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1944 வரை இச்சட்டங்களை இடையிடையே குடைந்து மெலிதாக்கினார்கள். கனமான கம்பிகளின் இழுவையை மேற்பலகை தாங்க வேண்டும் என்பதற்காக அதன்பின் குடைவதை நிறுத்தினார்கள். 1960களின் இறுதியில், மேற்பலகையில் கம்பிகள் பிணைக்கப்படும் பிரிட்ஜுக்கு நேர் கீழே இருந்த சிறிய மேப்பிள் தகட்டுக்குப் பதிலாகப் பெரிய ரோஸ்வுட் தகடும் வந்து சேர்ந்தது. பலகை அதிகம் அதிர வேண்டிய இடத்திலேயே பாரம் ஏற்றினால் குரல் இறுகத்தானே செய்யும்? 2017-இல் டி-28-ஐத் திருத்தியமைத்தபோது, 1930களில் இருந்தது போல, சட்டங்கள் குறுக்கிடும் புள்ளியை ஒலித்துளையின் பக்கம் நகர்த்தினார்கள். புதியதன் தாராளத்துக்கு இதுவே பெருங்காரணம் என்று நினைக்கிறேன். பழையதன் வறட்சியில் ஐம்பது ஆண்டு காய்ந்த ஸ்புரூஸுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் அதன் இறுக்கத்துக்கு வயதைக் காரணம் சொல்ல முடியாது.

டி-28-இல் 1969 வரை பயன்பட்ட பிரேசில் ரோஸ்வுட்டைத் தேடி அலைபவர்களிடம் இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். 1992 முதல், அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கடுமையான பட்டியலில் இருக்கும் அம்மரம், பார்வைக்கு மறுக்க முடியாத அழகு கொண்டது. ஆனால் 2018-இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வொன்றில், பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறுபடும் ஆறு கிட்டார்களை 52 பேர், மரம் எதுவென்று தெரியாதபடி வெல்டர் கண்ணாடி அணிந்து மங்கிய வெளிச்சத்தில் வாசித்தபோது, பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவான சப்பேலி மரத்துக்கும் அவர்கள் தந்த மதிப்பீடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நான் கண்ணாடி எதுவும் அணியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கையில் பிடிக்கும்போது புதியதே எளிது. கழுத்தின் உச்சியில் கம்பிகளைப் பிரித்து நிறுத்தும் நட் அதில் 44.5 மில்லிமீட்டர் அகலம்; பழையதில் 43 தான் என்பதால் தடித்த விரல்கள் அடுத்த கம்பியில் இடிக்கும். வீட்டில் தனியே விரல்களால் வாசிப்பவர்கள் தயங்காமல் புதியதை எடுக்கலாம். மாண்டலினும் பேஞ்சோவும் சூழ்ந்த புளூகிராஸ் எனும் அமெரிக்க நாட்டுப்புற இசைக் குழுவில் பிக் பிடித்து வாசிப்பவனாக இருந்தால் நான் பழையதையே தேர்ந்தெடுப்பேன்.

அப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் கழுத்தின் கோணத்தை முதலில் பார்க்க வேண்டும். 1985-க்கு முந்தைய மார்ட்டின்களில் கழுத்தின் வளைவைத் திருகித் திருத்தக்கூடிய தண்டு உள்ளே கிடையாது. 1973-இன் கழுத்தில் இருப்பது அசையாத எஃகுச் சட்டம். கம்பிகள் விரல்பலகையிலிருந்து உயர்ந்து நின்று, பிரிட்ஜின் மேல் அவற்றைத் தாங்கும் சேடிலும் இறக்க இடமின்றித் தேய்ந்திருந்தால், கழுத்தையே கழற்றிக் கோணம் மாற்றி ஒட்டும் செலவை விலையிலிருந்து கழித்துத்தான் பேச வேண்டும். பிக் உரசாமல் காக்கும் பிக்கார்டு தகட்டின் ஓரமாக மேற்பலகையில் மெல்லிய விரிசல் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அக்காலத்தில் அந்தத் தகட்டை வார்னிஷ் பூசாத வெறும் மரத்தின் மேல் ஒட்டியதால், அது சுருங்கும்போது பலகையையும் சேர்த்து இழுத்துவிடும்.