கொரியன் சொற்கள்: அந்த மொழியின் எழுத்தான ஹங்குலில் படிப்பதா, தமிழில் எழுதிப் படிப்பதா?

நேரம்: தமிழில் எழுதிக்கொண்டால் இன்றைக்கே வணக்கம் சொல்லலாம். ஹங்குலில் அடிப்படை எழுத்து 24தான், சில நாள் உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

உச்சரிப்பு: தமிழ் எழுத்து காலை வாருவது இங்கேதான். நிலா, முகமூடி, மகள் மூன்றுக்கும் கொரியனில் வேறு வேறு சொற்கள், ஆனால் நம் நோட்டில் எல்லாமே 'தல்'! ஹங்குலில் முதல் எழுத்தே மாறும்: மெதுவாக, மூச்சோடு, இறுக்கி என்று மூன்று வகை. அதற்காக ஹங்குல் ஒன்றும் முழு யோக்கியன் இல்லை. 'குக்முல்' என்று எழுதிவிட்டு 'குங்முல்' என்று படிப்பார்கள் (சூப்பின் சாறுதான்), காதில் விழுந்ததைத் தமிழில் குறிப்பது அப்போது உதவும்.

அகராதி: ஹங்குல் இல்லாமல் நகர முடியாது.

நான்கு நாள் சியோல் பயணமா, தமிழே போதும். நாடகத்தை வசனத்தோடு ரசிக்கவோ தேர்வு எழுதவோ என்றால் ஹங்குல்தான்.