பின் ஆக்சில் 90 மி.மீ. கூடுதல்: வீட்டில் கட்டிய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்த்த அனுபவம்

நண்பர் ஒருவர் லோட்டஸ் செவன் (எடை குறைந்த, திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பாணியில் கார் கட்டத் தொடங்கியிருக்கிறார். பழைய செடான் ஒன்றின் பின் ஆக்சில் நல்ல நிலையில் கிடைத்திருக்கிறது, ஆனால் அகலம் அதிகம். அப்படியே போடலாமா, வெட்டிக் குறுக்க வேண்டுமா என்று கேட்டார். என் காரிலும் இதே நிலைமைதான். இடது பின் மட்கார்டின் விளிம்பை மறுபடியும் ஃபைபர் ஒட்டிச் சரிசெய்து முடித்த கையோடு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

என் கார் குழாய்ச் சட்டத்தில் கட்டியது. முன்னால் இரட்டை விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு முக்கோணக் கைகள்), பின்னால் லைவ் ஆக்சில் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு). டிராக், அதாவது இடது, வலது டயர்களின் நடுவுக்கு நடுவு தூரம், முன்னால் 1300 மி.மீ., பின்னால் 1390. அதாவது பின் சக்கரம் பக்கத்துக்கு 45 மி.மீ. வெளியே நிற்கிறது. லோகாஸ்ட் வகைக் கார்களுக்கு (குறைந்த செலவில் வீட்டில் கட்டும் செவன் பாணிக் கார்கள்) ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2 ஆக்சில் அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். ஆனால் அந்தக் காரின் உற்பத்தி 1980களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்த கார்களில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அகலமானதுதான்.

எரிச்சல் எங்கே என்றால், செவன் வகைக் காரில் முன் சக்கரங்கள் இரண்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். இந்தக் காரின் பெரிய சுகமே அதுதான். டயரைப் பார்த்து, கோட்டைப் பார்த்து ஓட்டலாம். கண்ணும் கையும் அந்த முன் சக்கரத்தை நம்பியே இடைவெளியை அளக்கின்றன. முன் சக்கரம் கல்லை உரசாமல் தாண்டிவிடும், பின் சக்கரம் ஏறிவிடும். போதாததற்கு, மெதுவான திருப்பத்தில் எந்தக் காரிலும் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட உள்பக்கமாகத்தான் வரும். அதன் மேல் இந்த 45 மி.மீ. சேர்ந்தால் நடைபாதை ஓரக்கல் தப்பாது. குழியும் அப்படித்தான்: முன்னால் விலக்கிவிட்டோம் என்று நினைக்கும்போது பின்னால் இறங்கும். மழையில் முன் டயர் தண்ணீரை ஒதுக்கிக் கொடுத்த தடத்தில் பின் டயர் முழுதாக ஓடுவதில்லை, வெளி விளிம்பு புதுத் தண்ணீரில் போகிறது. இத்தனை வருடம் ஓட்டியும் இதற்கு மனம் பழகவே இல்லை.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஓட்டுநரோடு 620 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 450 மி.மீ. உயரம் என்று வைத்து, 0.8 ஜி (புவியீர்ப்பில் 0.8 மடங்கு பக்கவாட்டு முடுக்கம்) வளைவில் கணக்குப் போடுங்கள். முன்னும் பின்னும் டிராக் 1300 என்றால் உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை சுமார் 172 கிலோ. 1390 என்றால் சுமார் 161. என் காரில் பின்பக்கம் மட்டுமே அகலம் என்பதால் இரண்டுக்கும் நடுவில் வரும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் வேகமான நீண்ட வளைவில் பின்பக்கம் அப்படி ஒரு நிதானம். ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டாலும் வால் பதறுவதில்லை.

அதற்கு விலையாகக் குறுகிய வளைவுகளில் மூக்கு வெளியே தள்ளியது. முன் ஆன்டி-ரோல் பாரை (கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) மெல்லியதாக மாற்றிய பிறகு அது பெரும்பாலும் சரியாகிவிட்டது. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு: லைவ் ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் இடம் உள்ளே இருக்கிறது. டிராக் கூடினாலும் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலான தூரம் கூடுவதில்லை. அதனால் கார் சாய்வது குறையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முன்பக்கத்தை அகலப்படுத்திச் சமன் செய்யலாமே என்று பலர் சொன்னார்கள். பக்கத்துக்கு 25 மி.மீ. ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு), அதற்கேற்ற நீள ஸ்டட் எல்லாம் முறையாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் கனத்தது. சாலையின் ஒவ்வொரு மேடும் கையைத் தட்டியது, ஒரு பக்கம் ஈரமான இடத்தில் பிரேக் பிடித்தால் இழுத்தது. சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் அப்படியே 25 மி.மீ. கூடியதன் விளைவு இது. பேரிங்குக்கும் கூடுதல் சுமை. அகல ஆக்சிலில் பேரிங் டயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஸ்பேசரில் டயர் மட்டும் விலகிப்போகிறது. இரண்டும் ஒன்றல்ல. கழற்றிவிட்டேன்.

நண்பர் இன்னும் சட்டத்தை வெல்டு செய்யவில்லை என்பதால் அவருக்கு வேறு வழி இருக்கிறது. 442 என்று சொல்லப்படும் லோகாஸ்ட் சட்டம் 4 அங்குலம் அகலம், 4 அங்குலம் நீளம், 2 அங்குலம் உயரம் கூடியது. அகல ஆக்சிலுக்கு அது இயல்பாகப் பொருந்தும். சட்டம் முடிந்தவர்களுக்குக் குறுக்குவதுதான் வழி. டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) நடுவில் இல்லாத ஆக்சிலாக இருந்தால், நீளமான பக்கத்துக் குழாயை மட்டும் வெட்டி இரண்டு பக்கமும், சக்கரத்தைச் சுழற்றும் குட்டையான ஷாஃப்டையே போடலாம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்சிலை அமெரிக்காவில் இப்படித்தான் குறுக்குகிறார்கள். ஷாஃப்ட் முனையின் பற்களான ஸ்ப்ளைனைப் புதிதாக வெட்டும் வேலையே இல்லை. டிஃபரன்ஷியலைச் சுழற்றும் பினியன் இடம் மாறும் என்பதால், அதற்குச் சக்தி கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஓடும் நடுப்பாதையில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் குழாய் வளையும் என்பதால் நேராகப் பிடித்துவைக்கும் ஜிக் இல்லாத பட்டறையில் கொடுக்கவே கூடாது.

அந்த நீண்ட வளைவுகளில் கிடைத்த நிதானம் உண்மை, மறுக்கவில்லை. இருந்தாலும் அடுத்த முறை ஆயில் சீல் மாற்ற ஆக்சிலைக் கழற்றும்போது, பக்கத்துக்கு 45 மி.மீ. எடுத்துவிடத்தான் போகிறேன்.