வீட்டுக்கு மிசி (நேர்ஸ்) அனுப்புற சேர்விஸ்: அம்மா வைச்ச சோதினை

அம்மா இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கையில, எங்களால தனியப் பாக்க ஏலாமப் போக யாழ்ப்பாணம் ரவுனுக்குள்ள ஒரு ஹோம் நேர்ஸிங் சேர்விஸில ஆள் எடுத்தனாங்கள். பேர் இதில போடேல்ல, தேவையான ஆக்கள் இன்பொக்ஸ் வாங்கோ. சிக்கல் என்னெண்டா அம்மாவே பழைய மிசி. 1950களில மானிப்பாய் கிறீன் ஆஸ்பத்திரியில ட்ரெயினிங் (1847ல யாழ்ப்பாணம் வந்து தமிழிலயே வைத்தியம் படிப்பிச்ச டொக்டர் கிறீன்ட பேரில இருக்கிற அதேதான்), பேந்து பெரியாஸ்பத்திரியில வேலை. அதால ரிவியூ எழுதுறது நான், சோதினை வைச்சது அவ.

முதல் அனுப்பின ஆள் சரிவரேல்ல. எந்தநேரமும் போன். பெட்சீற் மூலை மடிக்கவும் தெரியாது, அம்மா கிடந்தபடியே பாத்திட்டு "உதென்ன பிள்ளை, கொடியில வேட்டி போட்டமாதிரிக் கிடக்கு" எண்டவ. ஒபீஸுக்குச் சொல்ல உடன மாத்தித் தந்தவை.

ரெண்டாவதா வந்த பிள்ளை வலு கெட்டிக்காரி. 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்பி விட்டு கொப்பியில நேரம் எழுதி, குதி இடுப்பு எல்லாம் சிவந்திருக்கோ எண்டு பாப்பா. அம்மாட காலத்தில நோயாளிக்குப் படுக்கைப்புண் வந்தா மேற்றன் (நேர்ஸ்மாருக்குப் பெரியவ) நேர்ஸைத்தான் பிடிப்பாவாம், அதால முதுகில ஸ்பிரிட் தேய்ச்சு பவுடர் போடச் சொல்லி அம்மா ஒரே பிடி. "இல்லை அம்மம்மா, சிவந்த இடத்தைத் தேய்ச்சா உள்ளுக்கு இன்னும் பழுதாகும், இப்ப அப்பிடிச் செய்யிறேல்ல" எண்டு பிள்ளை மெல்லமாச் சொல்லிப்போட்டுது. அம்மா பின்னேரம் முழுக்கக் கதைக்கேல்ல. அடுத்தநாள் என்னட்ட "அவள் சொல்லுறது சரியா இருக்கும்" எண்டா, அவவிட்ட இருந்து இது தங்கப் பதக்கம்.

விரலில கொழுவி ஒக்சிஜனும் நாடித்துடிப்பும் பாக்கிற ஒக்சிமீற்றர் விசயத்தில மட்டும் அம்மா விட்டுக்குடுக்கேல்ல. "நம்பர் சரி, நாடி ஒழுங்கா ஓடுதோ விட்டுவிட்டு ஓடுதோ, கையைப் பிடிச்சுப் பார்." இப்ப பிள்ளையும் மணிக்கூட்டைப் பாத்து முழுசா 1 நிமிசம் எண்ணுது.

இரவில ரெண்டுபேரும் ஒரே கதை. கண்ணாடிச் சிறிஞ்ச் அவிச்சது, மழுங்கின ஊசியைக் கல்லில தீட்டினது, பெனிசிலின் 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டு நித்திரை கொள்ளுற ஆக்களை எழுப்பி எழுப்பிக் குத்தினது, வோட்டில ஒருத்தருக்கும் எங்களைக் கண்ணில காட்டேலாது எண்டு அம்மா சிரிப்பா. ஊசியைத் தீட்டினது எண்டதை அந்தப் பிள்ளை கடைசிவரைக்கும் நம்பேல்ல, ஒருக்காக் குத்திப்போட்டு எறியிற ஊசி மட்டும்தானே அவ கண்டது.

காசு குறைவில்ல, இரவு டியூட்டிக்குப் புறிம்பாக் கட்டவேணும், ஒரு மாச அட்வான்ஸும் கேப்பினம், சாப்பாடும் நாங்கள்தான். படுக்கையில கிடக்கிற ஆக்கள் இருந்தா எடுக்கலாம், ஆனா வாற ஆளிட்ட முதல்நாளே திருப்பி விடத் தெரியுமோ எண்டு கேளுங்கோ. ஞாயிற்றுக்கிழமையில ஒபீஸ் போன் எடுக்கவே மாட்டினம், அதால 5க்கு 4தான் போட்டிருக்கிறன். அம்மா 3 காணும் எண்டவ.